கத்தரி நேரம்: மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதபோது அடுத்து எது?

காலையில் முகம் கழுவியதும் கத்தரிக்கோலை எடுத்து, அதன் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைகிறதா என்று பார்ப்பேன். நுழைந்த நேரத்தைத் தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதிக் கிழித்து வைப்பேன். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் தொழில். 2019-இல் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நுழையாத விரல் ஒன்பதரைக்குத்தான் நுழைந்தது. அன்றிலிருந்து இந்தக் கணக்கு. ஆறு மணியிலிருந்து விரல் நுழைய ஆகும் நிமிடங்களைத்தான் ‘கத்தரி நேரம்’ என்கிறேன். ‘காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்மா?’ என்று டாக்டர் கேட்டால், நம்மில் பலர் ‘கொஞ்ச நேரம் இருக்கும் டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் என்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் பிடிப்பு விட்டுவிடும். முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ஒரு மணி, இரண்டு மணி என்று இழுக்கும்.

முடக்குவாதம் என்று உறுதியாகி, அதற்கு முதலில் எழுதும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோய் கிளம்பி ஆளைப் படுக்கவைக்கிறது என்றால் என்ன செய்வது? 2022-இல் நான் அந்த இடத்தில் நின்றேன். நாற்பத்தைந்து வயது. ஒரே வருடத்தில் மூன்று முறை கை வீங்கி, வாங்கிய துணியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். என் முன்னால் இருந்த வழிகள் இவை: ஸ்டீராய்டிலேயே ஓட்டுவது, மெத்தோட்ரெக்சேட்டை ஊசியாக்கிப் பார்ப்பது, கூட இன்னும் இரண்டு மாத்திரை சேர்ப்பது, உயிரணுக்களில் தயாரிக்கும், விலை கூடிய பயோலாஜிக் ஊசிக்கோ டோஃபாசிட்டினிப் மாத்திரைக்கோ போவது, இதெல்லாம் வேண்டாமென்று நாட்டு மருத்துவத்துக்கு மாறுவது. நான் டாக்டர் இல்லை. ஒவ்வொன்றையும் டாக்டரிடம் கேட்டு, படித்து, சிலவற்றை உடம்பில் அனுபவித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வலித்தாலே நோய் கிளம்பிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, நெருப்பாய்க் கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்த அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிற நமக்கு இது இன்னும் அவசரம். சிக்குன்குனியா வந்துபோன பிறகும் இதே மாதிரி கை கால் மூட்டுகள் மாதக்கணக்கில் வீங்கும். 2006-இல் நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு பார்த்ததுதான். வீக்கமே இல்லாமல் உடம்பு முழுக்க வலி, தூக்கமின்மை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சாதாரண அளவு என்றால் வாத மருந்தைக் கூட்டி பிரயோசனமில்லை; அந்த வலிக்கு வைத்தியமே வேறு.

இன்னொன்று, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மூன்று தடவையில் ஒன்று மருந்தின் குற்றமே அல்ல. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது மாத்திரை அட்டையை எடுத்துப்போக மறந்து, வந்த பிறகும் ‘நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுமுன் காலண்டரைப் பாருங்கள்.

சரி, ஸ்டீராய்டு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வழியிலும் இதுதான் இனிப்பானது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நோபல் பரிசே கிடைத்தது. அந்தப் பெண்ணின் சந்தோஷம் எனக்கு நன்றாகப் புரியும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட மறுநாள் ஆறு பத்துக்கு விரல் வளையத்துக்குள் போய்விட்டது. வாசலில் உட்கார்ந்து பதினைந்து புள்ளிக் கோலம் போட்டேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, ஏதாவது விசேஷமா?” என்று கேட்டார்.

சிக்கல் அதற்கு அப்புறம். டாக்டர் எழுதிக் கொடுத்தது மூன்று வாரத்துக்கு, அதுவும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த. நான் பழைய சீட்டை மருந்துக் கடையில் நீட்டி நீட்டி வாங்கினேன். கடைக்காரரும் எதுவும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் என் பிளவுஸே எனக்குச் சேரவில்லை. டேப் வைத்துப் பார்த்தால் மார்பளவில் இரண்டரை அங்குலம், கைக்குழியில் ஒரு அங்குலம் கூடியிருந்தது. ஊருக்கெல்லாம் அளவு எடுப்பவளுக்குத் தன் அளவு தெரியவில்லை. முகம் உருண்டை. சர்க்கரை ஏறிவிட்டது. எலும்பு வலுவிழப்பது, கண்புரை, ரத்த அழுத்தம் எல்லாம் இந்தப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்பவை. கெடுதல் என்று தெரிந்ததும் சட்டென்று நிறுத்தவும் முடியாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும்; திடீரென்று விட்டால் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் கணக்கில்தான் இறங்க வேண்டும்.

அதனால் ஸ்டீராய்டைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. மற்ற மருந்துகள் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்; அதுவரை சமாளிக்க அது ஒரு பாலம். மூன்று மாதத்துக்குள் முடிந்தவரை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் இப்போது ருமட்டாலஜி (மூட்டு வாத) டாக்டர்கள் பின்பற்றும் முறை. ஒரே ஒரு முழங்கால் அல்லது மணிக்கட்டு மட்டும் வீங்கினால், அந்த மூட்டுக்குள்ளேயே ஒரு ஊசி போடுவது மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதைவிட நல்லது. வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஸ்டீராய்டு தேவைப்பட்டது என்றால், அடிப்படை மருந்து போதவில்லை என்று பொருள். நான் அதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் பிடித்தது.

வலி மாத்திரைகளும் அப்படித்தான். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் எல்லாம் வலியைக் குறைக்கும். எலும்பு அரிப்பதைத் தடுக்காது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அவ்வளவுதான் அவற்றைப் பற்றி.

மெத்தோட்ரெக்சேட்டை மாற்றுமுன், அதை முழுதாகப் பயன்படுத்திவிட்டோமா என்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த பலர் வாரம் 10 மில்லிகிராமிலேயே இரண்டு மூன்று வருடம் நின்றுவிட்டு ‘இது எனக்குக் கேட்கவில்லை’ என்கிறார்கள். சிறுநீரகமும் ஈரலும் சரியாக இருந்தால் 20, 25 வரை கூட ஏற்றுவார்கள். 15-க்கு மேல் போனால் மாத்திரையாகச் சாப்பிடுவதில் ஒரு பகுதி குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அதே அளவைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் முழுதாகச் சேரும், குமட்டலும் பலருக்குக் குறையும். எனக்கு மாத்திரை நாளின் மறுநாள் சாம்பார் வாசனையே ஆகாமல் இருந்தது. ஊசிக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை முக்கால்வாசி போய்விட்டது. வயிற்றில் நானே போட்டுக்கொள்கிறேன். தையல் ஊசியில் எத்தனை முறை குத்தியிருக்கிறோம், இது என்ன பிரமாதம்.

இந்த மருந்துக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன யெல்லாபிரகடா சுப்பாராவின் குழுதான் 1940-களில் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் ஆசிடையும், அதற்கு எதிராக வேலை செய்யும் மெத்தோட்ரெக்சேட் வகை மருந்துகளையும் உருவாக்கியது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குத்தான். அதனால்தான் இணையத்தில் தேடியதும் ‘கேன்சர் மருந்து’ என்று வந்து நம்மைப் பயமுறுத்துகிறது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் அளவு அதில் ஒரு சிறு பங்கு. 1988-இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க முதலில் எழுதும் மருந்து இதுதான். மாதச் செலவும் பெரிதில்லை.

ஆனால் இரண்டு விஷயத்தில் விளையாடவே கூடாது. இது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டவர்கள் ரத்த அணுக்கள் சரிந்து இறந்திருக்கிறார்கள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர் என்றால் அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நான் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். இரண்டாவது, சிறுநீர்த் தொற்று, தொண்டை வலி என்று போகும் இடத்தில் செப்ட்ரான் வகை ஆன்ட்டிபயாடிக் எழுதினால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. ஃபோலிக் ஆசிட், குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை, மதுவைத் தவிர்ப்பது எல்லாம் எல்லோருக்கும் சொல்லியிருப்பார்கள்.

ஊசியில் மூன்று மாதம் ஓடியது. கத்தரி நேரம் எழுபத்தைந்து நிமிடத்திலிருந்து ஐம்பதுக்கு வந்தது. நல்லதுதான், போதாது. அடுத்த படி என்ன என்பதில்தான் நானும் வீட்டுக்காரரும் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

மெத்தோட்ரெக்சேட்டோடு சல்ஃபாசலசைன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டையும் சேர்ப்பது ஒரு வழி. அடாலிமுமாப் மாதிரியான பயோலாஜிக் ஊசியைச் சேர்ப்பது இன்னொரு வழி. புதியது, விலை அதிகம் என்பதால் இரண்டாவதுதான் நிச்சயம் உசத்தி என்று நான் நினைத்திருந்தேன். டாக்டர்தான் 2013-இல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னார். மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாத 353 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மூன்று மாத்திரைக் கூட்டு, மறுபக்கத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டோடு எட்டனர்செப்ட் என்ற பயோலாஜிக் ஊசி கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 24 வாரத்தில் முன்னேற்றம் இல்லாதவர்களை எதிர்ப்பக்க மருந்துக்கு மாற்றினார்கள். இரு பக்கமும் ஏறத்தாழ நாலில் ஒருவர் மாற வேண்டியிருந்தது. 48 வாரம் முடிந்தபோது மாத்திரைக் கூட்டு ஊசிக்குக் குறைந்ததாக இல்லை. நாலில் மூன்று பேருக்கு விலை குறைந்ததே போதுமானதாக இருந்தது என்பதுதான் எனக்கு அதில் முக்கியம்.

மாத்திரைக் கூட்டின் குறை, எண்ணிக்கை. சல்ஃபாசலசைன் முழு அளவு என்றால் நாளைக்கு நாலு மாத்திரை, கூட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். சிலர் இதிலேயே சலித்து விட்டுவிடுகிறார்கள். சல்ஃபாசலசைன் ஒன்றில் ஆரம்பித்து வாரம் ஒன்றாகக் கூட்டினால் தலைவலி, குமட்டல் குறைவு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல் நாள் நான் ரத்தமோ என்று அலறினேன். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆரம்பிக்கும்போது ஒரு முறையும், ஐந்து வருடத்துக்கு அப்புறம் வருடா வருடமும் கண் விழித்திரையைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரு பெரிய நன்மை உண்டு. குழந்தை வேண்டும் என்றிருக்கும் பெண்களும் டாக்டரின் கண்காணிப்பில் இவற்றைத் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட்டும், லெஃப்ளுனோமைடு என்ற இன்னொரு வாத மாத்திரையும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. என்னிடம் தைக்க வரும் ஒரு பெண்ணுக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “அக்கா, உங்களுக்கு எது கேட்டதோ அதையே எழுதச் சொல்லட்டுமா?” என்றாள். வேண்டாம்மா, கல்யாண விஷயத்தை முதலில் டாக்டரிடம் சொல்லு என்றேன். அவள் வழி வேறு, என் வழி வேறு.

பயோலாஜிக் பக்கம் போனால் முதல் கேள்வி காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியாவில்தான். அடாலிமுமாப், எட்டனர்செப்ட் மாதிரி, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசக்கிருமியை எழுப்பிவிடும். அதனால் மார்பு எக்ஸ்ரே, முன்கைத் தோலில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் மேண்டூ பரிசோதனை. என் சின்ன வயதில் அப்பாவுக்குக் காசநோய் இருந்தது. லேபில் ஒரு பெண் என் முன்கையில் தடிப்பை ஸ்கேலால் அளந்து 14 மில்லிமீட்டர் என்றாள். அளவெடுத்தே பழகிய எனக்கு, ஒரு அளவைக் கேட்டு வயிறு கலங்கியது அதுதான் முதல் தடவை. நோய் இல்லை, கிருமி தூங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் ஊசி போடுவதென்றால் ஐசோநியாசிட் என்ற காசநோய் மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதமாவது ஆக வேண்டும், ஆறு மாதம் முடிக்க வேண்டும். அதுவும் ஈரலைத் தொடும், மெத்தோட்ரெக்சேட்டும் தொடும்.

அப்புறம் பணம். இந்தியாவிலேயே தயாராகும் அடாலிமுமாப் 2014 கடைசியில் வந்த பிறகு விலை நிறைய இறங்கியிருக்கிறது. அப்படியும் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். பாதியில் நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பிவிடும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. மழைக்காலத்தில் நாள் முழுக்க மின்சாரம் போகும் ஊரில் இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ரிட்டுக்சிமாப் என்ற இன்னொரு பயோலாஜிக் என்றால் ஆஸ்பத்திரியில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்றுவார்கள். அது தாங்கும் காலம் பல மாதம். அரசு ஆஸ்பத்திரியில் கேட்காமலே வசதி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

டோஃபாசிட்டினிப் ஊசி இல்லாத வழி. நாளைக்கு இரண்டு மாத்திரை, ஃபிரிட்ஜ் வேண்டாம், வேகமாகக் கேட்கும். இங்கே பல கம்பெனிகள் தயாரிப்பதால் ஊசியைவிட விலை மிகக் குறைவு. அதனாலேயே கொஞ்சம் தாராளமாக எழுதப்படுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஐம்பது வயதைத் தாண்டி, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் மாதிரி இதயத்துக்கு ஆபத்தான ஒன்றாவது இருப்பவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், டி.என்.எஃப் ஊசிகளோடு ஒப்பிட்டபோது மாரடைப்பும் சில புற்றுநோய்களும் கூடுதலாகத் தெரிந்தன. 2021-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடுமையான எச்சரிக்கை போடச் சொன்னது. அக்கி வரும் வாய்ப்பும் அதிகம். இளைய வயது, வேறு நோய் இல்லை என்றால் கணக்கு வேறு. ஸ்டீராய்டு புண்ணியத்தில் சர்க்கரை வாங்கிக்கொண்டு ஐம்பதை நெருங்கும் என் மாதிரி ஆளுக்கு டாக்டர் தயங்கினார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

நாட்டு மருத்துவத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் முடக்கத்தான் தோசை உண்டு. முடக்கு அறுத்தான் என்று பெயர் வைத்தவர்கள் ஒன்றும் தெரியாமல் வைத்திருக்க மாட்டார்கள். கோயம்புத்தூரில் ஆயுர்வேதம், மெத்தோட்ரெக்சேட், இரண்டும் சேர்த்து என்று மூன்று குழுவாக 43 பேருக்கு 36 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. மரியாதையான வேலை. ஆனால் 43 பேர் என்பது தொடக்கம்தான். அங்கே கொடுத்தது, வைத்தியர் ஒவ்வொருவரையும் பார்த்து முடிவு செய்த மருந்து. கூரியரில் வரும் பெயரில்லாத சூரணத்துக்கு அதைச் சாட்சியாகக் காட்ட முடியாது. அப்படி ஒரு பொடியை நானும் நாற்பது நாள் சாப்பிட்டேன். இரண்டாம் நாளே வலி போனது. முகம் மறுபடி உருண்டது. பிரெட்னிசோலோன் சாப்பிட்ட உடம்புக்கு அந்த உருண்டை எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா? எந்த மூலிகையும் ஒரு ராத்திரியில் வேலை செய்யாது. சித்த மருத்துவம் பார்ப்பதென்றால் பதிவு பெற்ற மருத்துவரிடம், தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மாதிரி இடத்தில், உலோகம், தாது சேர்ந்த செந்தூரமும் பற்பமும் உண்டா என்று கேட்டு, சிறுநீரகப் பரிசோதனையோடு பாருங்கள். சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட்டை இரு தரப்புக்கும் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மூட்டு எலும்பு அரித்தால் அரித்ததுதான், திரும்ப வளராது.

நான் எடுத்தது மாத்திரைக் கூட்டு. பணம் ஒரு காரணம், அந்த 14 மில்லிமீட்டர் இன்னொரு காரணம். அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது சும்மா ஒரு எண் இல்லை. கூடவே ஐசோநியாசிட்டையும் ஆறு மாதம் முடித்துவிட்டேன், நாளைக்கு ஊசி வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்கட்டும் என்று. ஈரல் பரிசோதனை மாதா மாதம் பார்த்தார்கள், தாங்கியது. பன்னிரண்டாவது வாரம் கத்தரி நேரம் இருபத்தைந்து நிமிடம். ஸ்டீராய்டு இறங்கி இறங்கி, எட்டாவது மாதம் நின்றது. பழைய பிளவுஸ் திரும்பச் சேரவில்லை, ஒரு அங்குலம் பிரித்துவிட்டேன்.

இந்த வருடம் மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. சி.ஆர்.பி. லேசாகக் கூடியிருக்கிறது, இடது மணிக்கட்டில் வீக்கம். இந்தத் தடவை பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகவில்லை. டாக்டரும் நானும் பேசி ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: கத்தரி நேரம் அரை மணியைத் தாண்டும் நாட்கள் மாதத்தில் பத்துக்கு மேல் போனால் அடாலிமுமாப். காலண்டர் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன், நேற்று உட்கார்ந்து எண்ணினேன். போன மாதம் ஏழு.